ஏத்தியாச்சு

எல்லை திறந்ததும் முதல் வேலையாக அறுந்து கிடக்கும் தொலைபேசிக் கம்பியை ஒட்டுவதென்று இரண்டு அரசாங்கங்களும் முடிவு செய்தன. முடிவு செய்தவர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு அவரவர் காரில் ஏறிப் போய்விட்டார்கள். கம்பத்தில் ஏற வேண்டியவள் லைன்காரி.

அந்தப் பெயர் தெருவில் வைத்தது. தொலைபேசித் துறையில் கம்பம் ஏறுகிற பெண் அவள் ஒருத்திதான் என்பதால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் லைன்காரி. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் அவளுடைய அப்பாவுக்குத் தெரு வைத்த பெயர் அப்படிப்பட்டதல்ல. அவரை 'மூடியாச்சு' என்று கூப்பிட்டார்கள். அதுவும் நேருக்கு நேராக யாரும் கூப்பிட மாட்டார்கள். அவர் முதுகு திரும்பியதும் கூப்பிடுவார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டோடு கிடக்க ஆரம்பித்த பிறகு அதற்கும் வேலையில்லாமல் போயிற்று.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மலையில் இரண்டு பெரிய கதவுகள் வைத்த ஓர் அணை இருக்கிறது, அது மலைக்காரர்களுடையது. கீழே சமவெளியில் ஒரு தடுப்பணை இருக்கிறது, அது வயல்காரர்களுடையது. ஆறு ஒன்றுதான். ஒரு காலத்தில் நாடும் ஒன்றுதான். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் ஒரே அரசாங்கம்தான் கட்டியது. பிறகு பிரிவினை வந்தது. கோடு போட்டவர் அந்தப் பக்கமே வராதவர். வரைபடத்தில் பழுப்பு நிறம் முடிந்து பச்சை தொடங்குகிற இடத்தில் பென்சிலை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் என்பார்கள். இரண்டு நாட்டாரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்கிற வரலாறு அது ஒன்றுதான். பழுப்பில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் கிடைத்தது, பாய்ச்ச நிலம் கிடைக்கவில்லை. பச்சையில் இருந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது, தண்ணீரின் சாவி மலையில் மாட்டிக்கொண்டது. வீடு பிடிக்கவில்லை என்றால் காலி செய்துகொண்டு போகலாம். நாட்டை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

லைன்காரியின் அப்பா தடுப்பணையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தார். மலை அணையின் அறையில் இருந்தவரோடு தினமும் காலையில் தொலைபேசியில் பேசுவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'சம்பந்தி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆறு மலையில் பிறந்த பெண்ணாம், சமவெளிக்கு வாழ வந்தவளாம். ஆகவே மலைக்காரர்கள் பெண் வீட்டார், வயல்காரர்கள் மாப்பிள்ளை வீட்டார். "உங்க பொண்ணு எப்படி இருக்கா?" என்று இவர் கேட்பார். "இன்னைக்கு அமைதியா இருக்கா" என்றோ "முகத்தைத் தூக்கி வச்சிருக்கா, பாத்து நடந்துக்கோங்க" என்றோ அவர் சொல்வார். அதற்குப் பிறகுதான் நீர்மட்டக் கணக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த அறையில் உட்கார்ந்து பாடம் எழுதிய நாட்களில் லைன்காரி இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

அப்புறம் அந்த மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம், விடாத மழையில் கம்பி நனைந்து, தொலைபேசியில் பேச்சைவிட இரைச்சல்தான் அதிகமாகக் கேட்டது. பொண்ணு எப்படி என்று விசாரிக்கவோ மட்டம் கேட்கவோ முடியவில்லை. சம்பந்தி கத்திக் கத்திச் சொன்னது ஒன்றுதான் காதில் விழுந்தது. பிறகு லைன் செத்துவிட்டது. அப்பா மைக்கை எடுத்து, தெரு முனையில் இருக்கும் ஒலிபெருக்கி அலற, "மேல மூடியாச்சு! யாரும் பயப்பட வேண்டாம், வீட்டை விட்டு வெளிய வராதீங்க!" என்று அறிவித்தார். ஆற்றோரத் தெருக்காரர்கள் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வந்தது. தெருவில் பாதி வீடுகள் போயின, ஆட்களும் போனார்கள். அவர்களில் லைன்காரியின் அம்மாவும் ஒருத்தி. புருஷன் சொன்னதை நம்பி, துவைத்த துணிகளை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள். மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் மழையில் மாட்டிக்கொண்டதால் மகள் பிழைத்தாள்.

விசாரணை நடந்தது, இரண்டு நாட்டிலும் தனித்தனியாக. "கதவுகளை மூடிவிட்டதாகப் பொய் சொல்லி எங்களை மூழ்கடித்தார்கள்" என்று வயல்காரர்கள் எழுதினார்கள். "திறந்துவிட்டதாக முறைப்படி அறிவித்தோம், அவர்கள் அசட்டையாக இருந்துவிட்டார்கள்" என்று மலைக்காரர்கள் எழுதினார்கள். எல்லையை மூடினார்கள். கம்பியை அறுத்தது யாரென்று கேட்டால் இரண்டு பக்கமும் மற்றவரைக் கைகாட்டும். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் அந்த வெள்ளத்தைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதினார்கள். அங்கே சரியான விடை இங்கே தப்பு.

அப்பா மட்டும் ஒரே பிடியாக நின்றார். "மூடியாச்சுன்னுதான் சொன்னான். என் காதால கேட்டேன்." தெருவில் சிலர் அவரை நம்பி மலைக்காரர்களைத் திட்டினார்கள். பலர் அவருக்குக் காது சரியில்லை என்றார்கள். லைன்காரி எதையும் கேட்டதில்லை. சோறு வைப்பாள், துணி துவைப்பாள், மருந்து வாங்கி வருவாள், வேலைக்குப் போய்விடுவாள். அவர் தப்பாகத்தான் கேட்டிருக்கிறார் என்பது அவள் மனதில் என்றைக்கோ உறைந்துவிட்டது. காது கேட்காதவரை மன்னித்துவிடலாம். கேட்டேன் கேட்டேன் என்று அடம்பிடிக்கிறவரை என்ன செய்வது? அவரை அப்பா என்று வாய்விட்டுக் கூப்பிட்டே பல வருஷம் ஆகிவிட்டது.

மலைக்குப் போக ஆள் கேட்டபோது அவளாகவே கையைத் தூக்கினாள். அந்த சம்பந்தி உயிரோடு இருந்தால் அவர் வாயாலேயே கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். என் அப்பா செவிடா, நீ பொய்யனா?

கிளம்புகிற காலையில் பையில் குறடும் டேப்பும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார்.

"மேலயா போற?"

"ஆமா."

"அவன் இருந்தா கேளு. ஏன்டா பொய் சொன்னேன்னு கேளு."

"நீங்க சரியா கேட்டீங்களான்னு முதல்ல கேக்கறேன்" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார்.

மலை அணையில் அவளை நன்றாகத்தான் கவனித்துக்கொண்டார்கள். இப்போது அறையில் இருப்பவர் நடுவயதுக்காரர், வாய் ஓயாத மனிதர். "ஒரே பாஷை பேசறவங்க நாம, நமக்குள்ள என்ன" என்று தேநீர் கொடுத்தார். பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரிகளும் இதையே சொல்லித்தான் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றார்களாம். பழைய அறைக்காரர் இருக்கிறாரா என்று கேட்டாள். இருக்கிறார், பக்கத்துக் குடியிருப்பில்தான், கொஞ்ச நேரத்தில் பேப்பர் படிக்க இங்கே வந்துவிடுவார் என்றார். அதற்குள் வேலையை முடிப்போம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

கம்பிகள் சேரும் பெட்டி அணைச் சுவரின் அடியில், ஓர வாய்க்காலுக்கு மேலே இருந்தது. அணையின் ஓரக் கதவு வழியாக வந்த தண்ணீர் வாய்க்காலில் கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் பதித்த இரும்பு ஏணியில் நின்றபடி வேலை செய்யக் கை எட்டவில்லை. இந்தத் தண்ணீர் மட்டும் நின்றால் வாய்க்காலிலேயே இறங்கி நின்று சௌகரியமாகச் செய்யலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மேலே கைப்பிடிச் சுவரில் அறைக்காரரின் தலை தெரிந்தது. "லைன்காரம்மா! ஓரக் கதவை ஏத்தறோம்!"

கேட்டதே கிடைக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷம். "ஏத்துங்க, ஏத்துங்க!" என்று கையை ஆட்டினாள்.

"ஏத்தறோம்மா! ஜாக்கிரதை!"

"சரிங்க! நல்லதாப் போச்சு!"

தலை மறைந்தது. அவள் வாய்க்காலில் இறங்கி, பையை ஒரு கல் மேல் வைத்துவிட்டு, பெட்டியின் மூடியைத் திருகித் திறந்தாள். மோட்டார் உறுமுகிற சத்தம் கேட்டது. இதோ நின்றுவிடும் என்று காலடியைப் பார்த்தாள். நிற்கவில்லை. கதவின் அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்து முழங்காலில் அடித்தது, அடுத்த நொடி இடுப்பில் அடித்தது, அவள் குப்புற விழுந்தாள். பை போயே போய்விட்டது. கை துழாவிய இடத்தில் ஏணியின் கடைசிப் படி அகப்பட்டதால் இந்தக் கதையைச் சொல்ல முடிகிறது.

"இறக்கு! இறக்குய்யா!" என்று மேலே அலறல். மோட்டார் திரும்பவும் உறுமியது. தண்ணீர் அடங்கியது.

அறைக்காரர் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பயத்தில் அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "என்னம்மா நீங்க! தொண்டை கிழியக் கத்தினேனே! கை வேற ஆட்டினீங்க!"

"ஏத்தறோம்னுதானே சொன்னீங்க!"

"ஆமா, ஏத்தறோம்னு சொன்னேன், ஏத்தினேன்!"

"ஏத்தினா தண்ணி நிக்கணும்ல?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அடிபட்டதில் தலை கலங்கிவிட்டதோ என்று நினைத்திருப்பார். "கதவை ஏத்தினா தண்ணி எப்படிம்மா நிக்கும்? இறக்கினாத்தான் நிக்கும்."

அவள் ஏணிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் பிறந்து வளர்ந்த தடுப்பணையில் இருப்பவை கதவுகள் அல்ல, பலகைகள். அடியில் கீல் வைத்த நீளமான இரும்புப் பலகைகள். தூக்கி நிறுத்தினால் தண்ணீரைத் தடுக்கும், கீழே சாய்த்தால் தண்ணீர் மேலே வழிந்து போகும். அங்கே ஏற்றுவது என்றால் அடைப்பது, இறக்குவது என்றால் திறப்பது. விளையாட்டில் ஆட்டத்தை நிறுத்தச் சொல்வதற்குக்கூட அந்தத் தெருப் பிள்ளைகள் "ஏத்து, ஏத்து" என்றுதான் கத்துவார்கள். இங்கே மலையில் ஆறு கல்லையும் சரளையையும் உருட்டிக்கொண்டு வருகிறது. அது அடியில் தங்கிவிடாமல் போக வேண்டுமானால் கதவை அடியிலிருந்து மேலே தூக்கியாக வேண்டும். சமவெளிக்கு வரும்போது ஆறு கல்லையெல்லாம் போட்டுவிட்டு இலையும் தழையும் மிதக்க நிதானமாக வருகிறது. அதை மேலாக வழியவிட்டால் போதும். ஒரே அரசாங்கம், ஒரே ஆறு, நிலம் மட்டும் வேறு. நிலத்துக்குத் தகுந்தபடி இரும்பைச் செய்தார்கள், இரும்புக்குத் தகுந்தபடி வாயில் சொல் வந்தது. பாஷை வேறாக இருந்திருந்தால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்திருப்பார், அவராவது ஒரு கேள்வி கேட்டிருப்பார். ஒரே பாஷை என்பதால் யாரும் கேட்கவில்லை. விசாரணை அதிகாரிகளுக்கு வேறு நல்ல தமிழில் எழுத வேண்டுமே! மேலே 'திறந்துவிட்டோம்' என்று எழுதினார்கள், கீழே 'மூடிவிட்டதாகச் சொன்னார்கள்' என்று எழுதினார்கள். அந்த மத்தியானம் கம்பியில் ஓடிய சொல் இரண்டு பக்கக் காகிதத்திலும் இல்லை. அப்பாவின் ஒலிபெருக்கியிலும் இல்லை, தனக்குப் புரிந்ததைத்தான் அவர் 'மூடியாச்சு' என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்.

பின்னால் இதற்கென்று ஒரு குழு கூடியது. ஏற்றுவது என்றால் என்ன என்பதில் இரண்டு நாடும் விட்டுக்கொடுக்க மறுத்து, கடைசியில் 'தண்ணி வருது', 'தண்ணி வராது' என்று மட்டும்தான் பேச வேண்டும் என்று கையெழுத்திட்டார்கள். பச்சைக் குழந்தையும் சொல்லக்கூடியதைச் சொல்ல அத்தனை பெரிய மனிதர்கள் தேவைப்பட்டார்கள். அது கிடக்கட்டும்.

அவள் அறைக்கு ஏறி வந்தபோது பழைய அறைக்காரர் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. நனைந்து நின்றவளைப் பார்த்து எழுந்து துண்டை நீட்டினார். வாங்கிக்கொண்டாள், ஆனால் துவட்டவில்லை.

"கீழ தடுப்பணையில இருந்தவர் பொண்ணு நான். உங்க சம்பந்தியோட பொண்ணு."

அவர் முகம் இறுகியது. "அந்த மனுஷனா" என்றார். "தூங்கிட்டாரேம்மா அவரு. நான் கத்தினேனே அன்னைக்கு. உசிரைக் கொடுத்துக் கத்தினேன்."

"என்ன சொல்லிக் கத்தினீங்க, ஐயா?"

"தொறந்தாச்சுன்னு சொன்னேன்."

"அது விசாரணையில சொன்னது. போன்ல என்ன சொன்னீங்க? அதே வார்த்தை வேணும் எனக்கு."

அவர் யோசித்தார். "வேற என்ன சொல்லுவாங்க. ரெண்டையும் ஏத்தியாச்சுன்னு சொன்னேன்."

தெரிந்தே கேட்டாள்; ஆனாலும் கேட்டதும் அழுகை பொங்கிவிட்டது. அழுவதற்கு நேரமில்லை என்பதுபோலத் துண்டை மேசையில் போட்டுவிட்டு, அறைக்காரரிடம் குறடு கடன் வாங்கிக்கொண்டு கீழே ஓடினாள். அவள் கை அன்றைக்கு வேலை செய்த வேகத்தை அவளுடைய மேலதிகாரி பார்த்திருந்தால் சம்பளத்தை உயர்த்தியிருப்பார்.

கம்பி சேர்ந்தது. சோதனைக்கு முதல் அழைப்பு. கீழே தடுப்பணை அறையில் அவளுடைய கூட்டாளி லைன்மேன் எடுத்தான்.

"அண்ணே, எங்க வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிட்டு வாங்க."

"யாரை? அவரு இந்த அறைப் பக்கமே வர மாட்டாரே."

"அவர் வந்தாத்தான் டெஸ்ட் முடியும்னு சொல்லுங்க. நான் கூப்பிடறேன்னு சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, "அப்பாவைக் கூப்பிடறேன்னு சொல்லுங்க" என்றாள்.

நெடுநேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பழைய அறைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டாள். கடைசியில் செருப்புச் சத்தமும் நாற்காலி நகரும் சத்தமும் கேட்டன. பிறகு மூச்சு.

"யாரு?"

அவள் ரிசீவரைப் பெரியவர் கையில் கொடுத்தாள். அவர் தயங்கினார். "சம்பந்தி... நான்தான்."

கீழே நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. பிறகு, "ஏன்டா பொய் சொன்னே?" என்றது குரல்.

"நான் பொய் சொல்லல. ரெண்டையும் ஏத்தியாச்சுன்னு தெளிவா சொன்னேன். நீதான் தூங்கிட்டே."

"ஏத்தியாச்சுன்னு சொன்னேல்ல? ஒத்துக்கறேல்ல? நான் கேட்டது சரிதானே?"

"சரிதான். அதைத்தான் சொன்னேன்."

"அப்புறம் எதுக்குடா தொறந்தே?"

"ஏத்தினா தொறக்காம?"

"அப்பா" என்றாள் அவள், குனிந்து. "இவங்களுது பலகை இல்லப்பா. மேல தூக்கற கதவு. இங்க ஏத்தினா தண்ணி வரும். நானும் இப்பத்தான் ஏத்துங்கன்னு சொல்லிட்டு வாய்க்கால்ல போய் நின்னேன். நீங்க சரியாத்தான் கேட்டிருக்கீங்க."

பெரியவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"சம்பந்தி" என்றார் கீழே இருந்தவர். குரல் இறங்கியிருந்தது. "அன்னைக்கு வீட்ல என் பொண்டாட்டி இருந்தா. வெளிய வராதேன்னு மைக்ல நான்தான் சொன்னேன்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தெரியாதே. யாரும் சொல்லலையே. எங்க பேப்பர்ல எண்ணிக்கை மட்டும்தான் போட்டாங்க."

"உன்னைத் திட்டிட்டுத்தான் தினமும் தூங்கறேன், இத்தனை வருஷமா. இனிமே யாரைத் திட்டறது?"

பெரியவரின் தோள்கள் குலுங்கின. லைன்காரி அவர் கையிலிருந்து நழுவிய ரிசீவரைப் பிடித்து, அவர் வாயருகே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னையே திட்டு" என்றார் அவர். "தினமும் காலையில போன் பண்ணித் திட்டு."

கீழே ஒரு செருமல். மூக்கைச் சிந்துகிற சத்தம். பிறகு, பழைய நாட்களில் அவள் கேட்டுச் சிரித்த அதே ராகத்தில், ஆனால் துருப்பிடித்த குரலில், அப்பா கேட்டார்: "பொண்ணு எப்படி இருக்கா?"

பெரியவர் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நிற்பவளைப் பார்த்தார். "எந்தப் பொண்ணைக் கேக்கற? எங்க பொண்ணையா, உன் பொண்ணையா?"

"ரெண்டு பேரையும்தான்."

"எங்க பொண்ணு இன்னைக்கு அமைதியா இருக்கா. உன் பொண்ணு தொப்பலா நனைஞ்சு போய் நிக்கறா."

"துண்டு இருந்தா கொடு, சம்பந்தி" என்றார் அப்பா. "தலையைத் துவட்டிக்கச் சொல்லு. அவளுக்குச் சட்டுனு சளி பிடிச்சுக்கும்."